வாக்கை விலைபேசும் செல்வாக்கு வியாபாரம்!

செல்வாக்கு என்னும் சொல்லுக்குத் தமிழ் மக்கள் கண்ட பொருள் வேறு. இன்றைய இணைய வியாபாரிகள் கற்பிக்கும் பொருள் வேறு. எவனுடைய வாக்கு ஊரிலே செல்லுபடியாகுமோ அவனே செல்வாக்குடையவன் என்றனர் எம் முன்னோர். எத்தனை ஆயிரம் கண்களை ஒரு பக்கத்தின் மீது திருப்ப வல்லானோ அவனே செல்வாக்குடையவன் என்கின்றனர் இவ் வியாபாரிகள். அக் கண்கள் உண்மையாகவே திரும்பினவா, திருப்பப்பட்டனவா, கூலிக்கு வாங்கப்பட்டனவா என்ற கேள்வி இவர்களுக்கு அநாவசியம். தொகை பெருகினாற் போதும்; தொகையே தகுதி!

இத்தகையோர் இன்று எம்மவர் வாசலுக்கும் வந்துவிட்டனர். பத்திரிகை நடத்துவோரையும், கட்சி நடத்துவோரையும், கதையும் கட்டுரையும் எழுதிப் பிழைக்க முயலும் இளைஞரையும் அணுகி, "மக்கள் கூடி வாக்களிக்கும் இணைய மன்றங்களிலே உங்கள் பெயரை நாம் உயர்த்துவோம், உங்கள் பக்கத்துக்கு வாசகர் வெள்ளம் பாயும், கூலி இவ்வளவு" என்று பேரம் பேசுகின்றனர். இதனைக் கலை என்றும், நவீன விளம்பர சாஸ்திரம் என்றும் கூறிப் பாடம் நடத்துவோரும் உளர். இந்தக் கலையின் சென்றகாலச் சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தபின், இதனைத் தமிழர் தீண்டலாகாது என்ற முடிவுக்கே நாம் வந்துள்ளோம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்போம்.

பக்கக்குறி மன்றங்களின் பிறப்பு

வாசித்த நூலில் விட்ட இடத்தை மறவாதிருக்க ஒரு காகிதத் துண்டைச் செருகி வைப்பது யாவர்க்கும் வழக்கம். இணையத்தில் வாசித்த பக்கத்தின் முகவரியை அவ்வாறே குறித்துவைத்து, அக் குறிப்பை உலகறியப் பகிர்ந்துகொள்ளும் பொதுமன்றங்களே சமூகப் பக்கக்குறித் தளங்கள் எனப்பட்டன. 2003ஆம் ஆண்டில் ஜோஷுவா ஷாக்டர் என்ற அமெரிக்கர் ஆரம்பித்த டிலிஷஸ் இவற்றுள் முன்னோடி. 2004ஆம் ஆண்டின் இறுதியிலே கெவின் றோஸும் அவருடைய கூட்டாளிகளும் சன்பிரான்சிஸ்கோவில் தொடக்கிய டிக் என்ற தளம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அங்கத்தவர் ஒருவர் ஏதேனும் ஒரு செய்தியின் இணைப்பைச் சபையில் வைப்பார். அதனை விரும்புவோர் 'தோண்டு' என்ற பொத்தானை அழுத்துவர்; விரும்பாதோர் 'புதை' என்ற பொத்தானை அழுத்துவர். போதிய வாக்குப் பெற்ற செய்தி முகப்புப் பக்கத்தில் ஏறும். 2005ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்டீவ் ஹவ்மன், அலெக்சிஸ் ஒஹானியன் என்னும் இரு இளைஞர் தொடக்கிய ரெடிற் தளமும், ஏற்றவும் இறக்கவும் வாக்களிக்கும் இதே முறையிலேயே அமைந்தது.

இம் மன்றங்கள் பிறந்தபோது அறிஞர் பலர் மகிழ்ந்தனர். அவர்கள் மகிழ்ந்ததில் நியாயம் உண்டு. எது செய்தி, எது செய்தியன்று என்பதைப் பெரும் பத்திரிகை முதலாளிகளும் அவர்தம் சம்பளப் பத்திராதிபர்களும் தீர்மானித்து வந்த காலத்திலே, ஆளுக்கொரு வாக்கு என்ற நெறி செய்தியுலகிலும் நுழைந்துவிட்டது என்றால் யார்தான் மகிழார்? மூலையில் இருந்து எழுதுபவனும் தன் எழுத்தின் தகுதியொன்றாலேயே முகப்பில் ஏறலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்த நம்பிக்கையைப் பாழாக்கியவர்கள் யார் என்பதே எம் கேள்வி.

நூறு பேரின் ஆட்சி

2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்த ஒரு கணக்கு இக் கனவின் சாயத்தை வெளுக்கச் செய்தது. இலட்சக்கணக்கானோர் அங்கத்தவராயிருந்த டிக் மன்றத்தில், முகப்பில் ஏறிய செய்திகளுள் நூற்றுக்கு 56 பங்கு, முன்னணியில் நின்ற நூறு பேர் சபையில் வைத்தவை! ஏனைய இலட்சக்கணக்கானோர் கைதட்டும் கூட்டம், அவ்வளவே.

இந்த நூறு பேர் எப்படி இந்த நிலையை எய்தினர்? அங்கத்தவர் ஒருவரையொருவர் நண்பராகச் சேர்த்துக்கொள்ள அத்தளம் வசதி செய்திருந்தது. ஒருவர் சபையில் வைத்த செய்தி அவருடைய நண்பர்களின் கண்ணில் முதலிற்படும். செய்தி பிறந்த முதற் சில மணி நேரத்திற் கிடைக்கும் வாக்குகளே அதன் தலைவிதியைத் தீர்மானித்தன. ஆகவே நண்பர் கூட்டம் பெரிதாயுள்ளவரின் செய்தி, உள்ளே என்ன இருந்தாலும், உயர எழும்பியது. "இன்று என் செய்திக்கு நீ கைதூக்கு, நாளை உன் செய்திக்கு நான் கைதூக்குகிறேன்" என்ற எழுதாத ஒப்பந்தமே அந்த மன்றத்தின் உண்மையான யாப்பாயிற்று. செல்வாக்கை வளர்க்கும் கலை என இன்று போதிக்கப்படுவது இந்த ஒப்பந்தத்தைத்தான்.

2006 செப்டெம்பரிலே, பல திறத்தவரிடமிருந்தும் வாக்குப் பெற்ற செய்திக்கே மதிப்புண்டு என்று தளத்தின் நிர்வாகிகள் கணக்குமுறையை மாற்றியபோது, முன்னணியினர் கொதித்தெழுந்தனர். 2007 பெப்ரவரியில் முன்னணி அங்கத்தவரின் பட்டியலையே நிர்வாகம் அகற்றிவிட்டது. ஆனால் பட்டியலை மறைத்தால் பட்டியலில் உள்ளோர் மறைந்துவிடுவார்களா?

இதற்கிடையில், 2006 ஜூலையிலேயே, போட்டித் தளமொன்றை நடத்திய நெற்ஸ்கேப்பின் தலைவர் ஜேசன் கலக்கானிஸ், இத்தகைய மன்றங்களின் முன்னணி அங்கத்தவர்களுக்கு மாதம் ஆயிரம் டொலர் தருவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். உழைப்புக்குக் கூலி கொடுப்பதிலே தவறென்ன என்று அவர் வினவினார். உழைப்புக்குக் கூலி கொடுப்பதிலே தவறில்லை. ஒளிவு மறைவின்றிக் கொடுத்தமட்டில் அவர் செயல் கௌரவமானதே. ஆனால் அந்த அறிவிப்பு ஓர் உண்மையை வெட்டவெளிச்சமாக்கியது. பொதுமக்களின் தீர்ப்பு எனப்பட்டது, விலை குறிக்கக்கூடிய சிலருடைய தொழில் என்பதே அந்த உண்மை.

மூன்று வாக்குக்கு ஐம்பது சதம்!

கௌரவமானவர் பகிரங்கமாக விலை குறித்தால், கௌரவமற்றோர் இருட்டில் விலை குறிப்பர் என்பது சந்தையின் விதி. வாக்கு வியாபாரத்துக்கென்றே யூசர் சப்மிற்றர் என்ற பெயரில் ஒரு தரகுக் கடை தோன்றியது. அக்கடை குறித்த மூன்று செய்திகளுக்கு வாக்களிக்கும் டிக் அங்கத்தவருக்கு 50 சதம் கூலி. செய்தியை உயர்த்த விரும்புபவர் செய்தியொன்றுக்கு 20 டொலரும், வாக்கொன்றுக்கு ஒரு டொலரும் கட்டவேண்டும். கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியை வாசகர் தாமே கணக்கிட்டுக் கொள்வாராக!

இதனைச் சோதிக்க விரும்பிய அன்னலீ நியூவிற்ஸ் என்ற எழுத்தாளர், கூட்டங்களின் படங்களை மட்டும் கொண்ட சாரமற்ற ஒரு வலைப்பக்கத்தை வேண்டுமென்றே அமைத்து, அக்கடைக்குப் பணம் கட்டினார். சாரமற்ற அப்பக்கம் முகப்பில் ஏறிற்று. பின்னர் அங்கத்தவர் சிலர் ஐயுற்று அதனைப் புதைத்தனர் என்பது உண்மையே. எனினும் பணம் தன் வேலையை அதற்குள் முடித்துவிட்டது. இவ்வனுபவத்தை 2007 மார்ச்சில் வயர்ட் வெளியிட்டது. வயர்ட்டின் உடைமையாளரான கொண்டே நாஸ்ட் நிறுவனமே, டிக்கின் போட்டித் தளமான ரெடிற்றை 2006 ஒக்ரோபரில் வாங்கியிருந்தது என்பதையும் நடுநிலை தவறாது இங்கே குறிப்பிடுகிறோம். குற்றம் காட்டியவர் போட்டிக்காரரின் வீட்டைச் சேர்ந்தவர் என்பதனால் குற்றம் குற்றமாகாது போய்விடாது.

போட்டிக்காரரின் வீடு மட்டும் தூய்மையாக இருந்ததா? ரெடிற் பிறந்த காலத்திலே மன்றம் வெறிச்சோடித் தோன்றலாகாது என்று, அதன் தாபகர்களே பல பொய்ப் பெயர்களில் இணைப்புகளை இட்டு நிரப்பினர். 2012ஆம் ஆண்டில் ஹவ்மன் தாமே இதனை விளக்கிக் கூறினார். அதே 2012 ஜூனில், வாக்குகளைச் செயற்கையாகப் பெருக்கிய குற்றத்துக்காக அத்லாந்திக், பிஸ்னஸ்வீக் முதலான புகழ்பெற்ற சஞ்சிகைகளின் இணைப்புகளையே ரெடிற் சிலகாலம் தடைசெய்தது. 2014 ஜூலையில், உயிரியல் கேள்விகளுக்கு விடைகூறி இலட்சோபலட்சம் வாசகரின் அன்பைப் பெற்றிருந்த அங்கத்தவர் ஒருவர், ஐந்து வேறு பெயர்களில் தமக்குத் தாமே வாக்களித்தும், தம்மோடு மாறுபட்டோரை இறக்கியும் வந்தமை கண்டுபிடிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். அறிவும் புகழும் உடையவரையும் இந்த ஆசை விடவில்லை. கற்றவர் நடத்தும் சஞ்சிகையையும் விடவில்லை. பின் யாரைத்தான் விடும்?

முதற் கை யாருடையது?

"ஒன்றிரண்டு வாக்கைக் கூட்டினால் உலகம் கவிழ்ந்துவிடுமா? தகுதியற்றதை மக்கள் தாமே தள்ளிவிடுவர்" என்று சமாதானம் கூறுவோர் உளர். அவர்களுக்கு விஞ்ஞானம் தந்த விடையைக் கேளுங்கள்.

2013 ஓகஸ்டில் சயன்ஸ் என்ற விஞ்ஞான ஏட்டிலே லெவ் முச்னிக், சினான் அரால், ஷோன் டெயிலர் ஆகிய மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். இத்தகைய செய்தி மன்றமொன்றிலே ஐந்து மாத காலத்தில் எழுதப்பட்ட 101,281 கருத்துரைகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றுட் சிலவற்றுக்குச் சீட்டுக் குலுக்கியதுபோல, எவ்விதத் தகுதியும் பாராது, பிறந்த மாத்திரத்தே ஒரே ஒரு பொய்யான ஆதரவு வாக்கை இட்டனர். விளைவு என்ன? அடுத்து வாசித்தவர் ஆதரவாக வாக்களிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 32 பங்கு உயர்ந்தது. அக் கருத்துரைகள் இறுதியிற் பெற்ற மதிப்பெண் சராசரியாக நூற்றுக்கு 25 பங்கு மிகுந்தது. ஒரேயொரு பொய்க் கை! பொய்யான எதிர்ப்பு வாக்கை மக்கள் பெரும்பாலும் திருத்திவிட்டனர். பொய்யான ஆதரவு வாக்கைத் திருத்தவில்லை.

பழிப்பதற்கு முன் ஆராயும் மனிதன், புகழ்வதற்கு முன் ஆராய்வதில்லை. இந்தப் பலவீனத்தின் மேலேதான் செல்வாக்கு வியாபாரிகள் தம் மாளிகையைக் கட்டியிருக்கின்றனர். முதற் கையைத் தூக்கக் கூலி கொடுத்தால் அடுத்த கைகள் இலவசமாகவே எழும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பின்னர் எழுந்த உண்மையான கைகளைச் சுட்டிக்காட்டி, "பாருங்கள், மக்கள் தீர்ப்பு!" என்று அவர்கள் கூறும்போது, அது முழுப் பொய்யுமன்று. அதுவே அதன் ஆபத்து.

புதைத்தவர்களும் விற்றவர்களும்

உயர்த்துவதற்குக் கூட்டுச் சேர்ந்தோர் புதைப்பதற்கும் கூட்டுச் சேர்ந்தனர். டிக் பேட்றியற்ஸ் என்ற பெயருடைய வலதுசாரிக் குழுவொன்று, இரகசிய மடற்குழுவில் ஒருவருக்கொருவர் தகவல் அனுப்பி, தமக்குப் பிடியாத அரசியற் கட்டுரைகளைத் திட்டமிட்டுப் புதைத்து வந்ததாக 2010 ஓகஸ்டில் அல்ரர்நெற் என்ற செய்தித்தளம் குற்றஞ்சாட்டியது. எதிர்க்கருத்துக்கு விடைகூறும் சிரமம் இனி எதற்கு? சிலர் கூடிச் சத்தமின்றி மண்ணள்ளிப் போட்டாற் போதுமே!

அதே 2010 ஓகஸ்ட் 25ஆம் திகதி டிக் நிர்வாகம் தன் தளத்தைத் தலைகீழாக மாற்றியது. 'புதை' பொத்தான் அகற்றப்பட்டது. பெரும் வெளியீட்டு நிறுவனங்கள் தம் செய்திகளைத் தாமே தானாகப் பாயச் செய்யும் வழி திறக்கப்பட்டது. ஆண்டுக்கணக்காக ஊதியமின்றி உழைத்து அம்மன்றத்தை வளர்த்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் என்ன செய்தனர்? போட்டித் தளமான ரெடிற்றின் இணைப்புகளையே டிக்கின் முகப்பிலே வாக்களித்து ஏற்றிவைத்துவிட்டு வெளியேறினர். 2008ஆம் ஆண்டில் ஏறக்குறைய 20 கோடி டொலருக்குக் கூகிள் நிறுவனம் விலைபேசியதாகச் செய்தி வெளிவந்த அத்தளத்தின் பெயரும் பக்கங்களும், 2012 ஜூலையில் 5 இலட்சம் டொலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

டிலிஷஸின் கதியும் அதுவே. 2005 டிசெம்பரில் யாகூ அதனை வாங்கியது, 2011இல் விற்றது. கைக்குக் கை மாறி, 2017 ஜூனில் பின்போட் என்ற சிறிய தளத்தின் உரிமையாளரிடம் 35,000 டொலருக்கு வந்து சேர்ந்தது. அவர் அதனைப் புதுக் குறிகள் சேர்க்க இயலாத பழம்பெட்டகமாக நிறுத்திவைத்தார். இலட்சக்கணக்கானோர் தம் வாசிப்பின் சாரத்தை ஆண்டுதோறும் சேர்த்துவைத்த களஞ்சியம் ஒரு மோட்டார் வண்டியின் விலைக்குப் போயிற்று!

பிழைத்து நின்றது ரெடிற். அது 2024 மார்ச்சில் நியூயோர்க் பங்குச் சந்தையில் ஏறிற்று. அதற்கு முந்திய மாதத்தில், தன் அங்கத்தவர் எழுதியவற்றைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களைப் பயிற்றும் உரிமையை, ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடி டொலருக்கு அது கூகிளுக்கு வழங்கியதாகச் செய்தி வெளிவந்தது. வாக்களித்தவனுக்கும் எழுதியவனுக்கும் அதில் எத்தனை சதம் கிடைத்தது என்று கேட்கிறோம். மூன்று வாக்குக்கு 50 சதம் கொடுத்த அந்த இருட்டுக் கடைக்காரனாவது தன் கூலியாளுக்கு ஏதோ கொடுத்தான்!

எனவே இம் மன்றங்களிலே செல்வாக்கைச் சேர்ப்பவன் பிறன் காணியிலே வீடு கட்டுபவன். தரகன் அவனை ஏமாற்றுகிறான். காணிக்காரனோ ஒருநாள் காணியை விற்றுவிடுகிறான். சேர்த்த வாக்குகளை வேறு தளத்துக்கு எடுத்துச் செல்ல முடியுமா? சம்பாதித்த மதிப்பெண்களைக் கொண்டு ஒரு இறாத்தல் அரிசி வாங்க முடியுமா?

தமிழருக்கு இதில் என்ன?

"அமெரிக்காவின் கதையை எமக்கேன் கூறுகிறீர்" என்று வினவுவோருக்குத் தமிழ்க் கதையையே கூறுவோம். காசி ஆறுமுகம் 2004ஆம் ஆண்டில் உருவாக்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, உலகெங்கும் சிதறிக்கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரு முற்றத்திற் கூட்டியது. யாழ்ப்பாணத்தில் எழுதியவனும், சென்னையில் எழுதியவனும், ரொறன்ரோவில் எழுதியவனும் அங்கே ஒரே வரிசையில் அமர்ந்தனர். தமிழ் எழுத்துக்கு அது செய்த தொண்டு பெரிது. அங்கும் வாக்குப் பட்டை வந்தது. பின்னர் முற்றிலும் வாக்கினாலேயே இயங்கும் தமிழிஷ், இன்ட்லி போன்ற தளங்களும் வந்தன. உடனே நிகழ்ந்தது என்ன? பதிவின் முடிவிலே வாக்குக் கேட்டு விண்ணப்பம்! கலியாண வீட்டு மொய்போல, போட்டவருக்குத் திருப்பிப் போடும் வழக்கம்! வாசியாமலே வாக்கு, வாக்களித்ததற்குப் பதில் வாக்கு! ஆழ்ந்து எழுதியவன், மொய் எழுதத் தெரியாத குற்றத்தினால் அடியிலே கிடந்தான். மேனாட்டு நோய் தமிழனைத் தீண்டாது என்று நாம் மார்தட்ட இடமில்லை.

இனி அரசியலுக்கு வருவோம். தமிழ் பேசும் மக்கள் இந் நாட்டிலே எண்ணிக்கையாற் சிறியவர்கள். எண்ணிக்கை ஆட்டம் எப்படி முடியும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956 ஜூனிலே தனிச் சிங்களச் சட்டம் 56 வாக்குக்கு எதிராக 29 வாக்கு என்ற கணக்கில் நிறைவேறியபோதே கற்றுக்கொண்டோம். கைகளை எண்ணும் சபையிலே நாம் தோற்றோம். நியாயத்தை நிறுக்கும் சபையிலே இன்றும் நிமிர்ந்து நிற்கிறோம். எண்ணிக்கை இல்லாத மக்களுக்கு உள்ள ஒரே முதல் நம்பகம். "இவர்கள் சொன்னால் அது உண்மையாக இருக்கும்" என்று அயலான் கருதும் அந்த மதிப்பை ஒருமுறை இழந்தால் மீட்பதற்கு ஒரு தலைமுறை போதாது.

2009ஆம் ஆண்டு வன்னியிலே போர் அதன் கொடிய முடிவை நோக்கி நகர்ந்தபோது, சுயாதீனப் பத்திரிகையாளர் போர்க்களத்துக்குட் செல்ல விடப்படவில்லை. உள்ளே நடந்ததை உலகுக்குச் சொல்ல எஞ்சியிருந்தவை சாட்சிகளின் சொல்லும் படமுமே. அத்தகைய வேளையில் ஒரு மக்களின் சொல்லை உலகம் நம்புவதா விடுவதா என்பது உயிர்ப் பிரச்சினை. பொய்ப் பெயரும் பொய் வாக்கும் நிறைந்த சந்தையிலே உண்மைச் சாட்சியும் பொய்ச் சாட்சியும் ஒரே விலைக்கே போகும். "இதுவும் கூலிக்கு எழுப்பிய கூச்சலே" என்று தள்ளிவிட எதிரிக்கு ஒரு சாக்குக் கிடைக்கும். இன்று சில ஆயிரம் வருகைக்காக நாம் கள்ளவாக்கு வாங்கினால், நாளை எம் தாய்மாரின் உண்மையான கண்ணீரையும் கள்ளவாக்கென்று பிறர் சொல்ல நாமே வழிவிட்டவர்களாவோம்.

இந்த ஆட்டத்திற் பெரிய கையுடையவனே வெல்வான் என்பதையும் மறவாதிருப்போம். கூட்டத்தின் ஆரவாரத்தைக் கொண்டு தரம்பிரிக்கும் முறை சிறு மன்றங்களோடு நின்றுவிடவில்லை. முகநூல் போன்ற பெருந்தளங்களிலும் ஆட்சிபீடம் ஏறிற்று. 2018 மார்ச்சிலே கண்டி, திகனப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அத்தளத்தில் வெறுப்புப் பரவியது. 2020 மேயிலே அந்நிறுவனம் அதற்காக வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அவ் வருத்தம் என்ன செய்யும்? ஆரவாரத்தையே அளவுகோலாக்கும் யந்திரம் சிறுபான்மையினருக்கு ஒருநாளும் நண்பனாகாது. அதனை ஓட்டப் பழகுவதே சாமர்த்தியம் என்று எமக்கு உபதேசிப்போர், அதன் சில்லின் கீழே கிடப்பவர் யார் என்று சற்றே குனிந்து பார்ப்பார்களாக!

அரசாங்கத்தின் தடி வேண்டாம்

கள்ளவாக்கைக் கண்டிக்கிறோம் என்பதனால் அரசாங்கம் தடியோடு வரட்டும் என்று நாம் அழைக்கவில்லை. பொய்க் கணக்குகளையும், தானியங்கிக் கணக்குகளின் துர்ப்பிரயோகத்தையும் தடுப்பது தன் நோக்கங்களுள் ஒன்று என்று கூறியே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இந்நாட்டிலே பிறந்தது. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவின் கையில் வைத்தது. 1958இன் அவசரகாலத் தணிக்கையை அறிந்த தமிழ்ப் பத்திரிகையுலகம், மெய் எது பொய் எது என்று அரசாங்கம் தீர்ப்புக் கூறுவதன் பொருளை நன்கறியும். கள்ளனைப் பிடிக்க என்று வரும் காவலன் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவான் என்பது எமக்குத் தெரியாததன்று.

காலமும் கடந்துகொண்டிருக்கிறது. பொய் வாக்காளனுக்கு இதுவரை கை மட்டுமே இருந்தது; இப்போது நாவும் முளைத்துவிட்டது. சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், ரெடிற்றின் விவாத மன்றமொன்றிலே செயற்கை நுண்ணறிவு எழுதிய 1,700க்கு மேற்பட்ட கருத்துரைகளை, மனிதர் எழுதியவைபோல, ஒருவருக்கும் அறிவியாது இட்டமை 2025 ஏப்ரலில் வெளியாயிற்று. பாலியல் வன்முறைக்கு ஆளானவராகக்கூட அந்த இயந்திரம் வேடமிட்டது. கைகளை விலைக்கு வாங்கிய காலம் போய், கைகளையும் வாய்களையும் உற்பத்தி செய்யும் காலம் வந்துவிட்டது. இனி எண்ணிக்கையில் என்ன மதிப்பு எஞ்சியிருக்கிறது?

செய்யவேண்டியது என்ன?

தமிழில் எழுதுவோருக்கும், பத்திரிகை நடத்துவோருக்கும், கட்சிக்காரருக்கும் நாம் கூறுவது சுருக்கமானது. வாக்கை விலைக்கு வாங்காதீர், மொய்யாகவும் வாங்காதீர். உம்முடைய எழுத்தை நீரே மன்றத்தில் வைப்பதாயின், உம் பெயரை மறையாது வையும். தன் சரக்கைத் தன் வாயாற் கூவி விற்பது ஒருபோதும் இழிவன்று, கூட்டத்திலே ஆள்வைத்துக் கைதட்டுவிப்பதே இழிவு. வாசகரே, முழுதும் வாசித்ததை மட்டும் பிறருக்குக் காட்டும். ஏன் காட்டுகிறீர் என்று ஒரு வரி எழுதும். முதல் வாக்குக்கு உள்ள வலிமையை அறிந்துகொண்டோம் அல்லவா? அந்த முதல் வாக்கு உமது அறிவின் வாக்காக இருக்கட்டும். நீர் எழுதியவற்றின் படியொன்றை உம் கையிலேயே வைத்திரும். பிறன் காணியில் மட்டும் விதைநெல்லைச் சேமிக்க வேண்டாம்.

இது கனவன்று என்பதற்குச் சான்று எம்மிடமே உண்டு. டிலிஷஸை யாகூ வாங்கிய அதே 2005ஆம் ஆண்டிலேதான், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் காக்கும் நூலகம் என்ற முயற்சியைத் தன்னார்வலர் தொடக்கினர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரியக் கொடுத்த ஒரு மக்கள், ஏடு ஏடாக மீண்டும் சேர்த்தனர். அங்கே எந்த ஏட்டின் இடத்தையும் வாக்குத் தீர்மானிப்பதில்லை. பத்துப் பேர் மட்டுமே தேடும் பழைய சஞ்சிகையும், பல்லாயிரம் பேர் தேடும் நூலும் அங்கே ஒரே பாதுகாப்பைப் பெறுகின்றன. கோடிக்கணக்கான டொலருக்கு விலைபேசப்பட்ட மன்றங்கள் கைமாறிச் சிதைந்தன. கூலி கேளாத இந்தப் பணியோ தொடர்ந்து வளர்ந்தது. எது செல்வாக்கு, எது வெறும் ஆரவாரம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

வியாபாரிகள் இனியும் வருவர். புதுப் பெயரோடு வருவர். புது யந்திரத்தோடு வருவர். "ஆயிரம் வருகை இன்றே, பதினாயிரம் வருகை நாளை" என்று ஆசை காட்டுவர். அவர்களுக்குத் தமிழன் கொடுக்கவேண்டிய விடை ஒன்றே: எம் வாக்கு விற்பனைக்கில்லை, எம் சொல்லுக்குக் கள்ளக் கைதட்டலும் வேண்டியதில்லை.